இருநூற்று நாற்பது வண்டி விறகு

ராசாத்திக்கு எட்டு வயதாகியும் காது குத்தவில்லை. ஊரில் அது ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. கிணற்றடியில் பெண்கள் அவளைப் பிடித்து நிறுத்துவார்கள். மூளியாக இருக்கும் காதுமடலைத் திருகி, "ஏண்டி, ஒங்கப்பன் வண்டி வண்டியா வெறகு விக்கிறானே, ஒரு குந்துமணிப் பொன்னுக்குமா வக்கில்லை?" என்பார்கள். அவள் அழுதுகொண்டே வீட்டுக்கு வருவாள். இருளாயி அந்தப் பேச்சை அப்படியே புருசன் ராக்கனிடம் கொண்டுவந்து கொட்டுவாள்.

"இன்னும் எத்தனை நாளைக்குங்க? புள்ளை வயசுக்கு வந்த பொறகா காது குத்தப்போறீங்க?"

"தை பொறக்கட்டும் புள்ள. கம்பெனி மொய்யி அப்பத்தான் திரும்பும். எல்லாம் ஒண்ணாச் சேந்தாத்தான் வயலை மீட்க முடியும்."

அந்த வயல்தான் ராக்கனுடைய உயிர். நார்த்தாமலைக்குக் கிழக்கே ஒன்றரை ஏக்கர், நடுவில் ஒரு கிணறு. கடுங்கோடையிலும் முழங்கால் தண்ணீர் நிற்கும் கிணறு. 1926-ல் பஞ்சம் தாங்காமல் அவன் தகப்பன் அதைப் பழனிச்சாமி என்ற குடியானவரிடம் ஐந்நூறு ரூபாய்க்கு ஒத்தி வைத்தார். பதினைந்து வருஷக் கெடு. அதுவரை விளைச்சல் பழனிச்சாமிக்கு. 1941 பங்குனி முடிவதற்குள் ஐந்நூறைக் கொடுத்தால் நிலம் திரும்பும். இல்லாவிட்டால் அது கிரயம். அதற்குப் பிறகு அழுதாலும் புரண்டாலும் நிலம் அவருடையது.

ஐந்நூறுக்கு ராக்கன் போட்ட கணக்கு எளிமையானது. பதினைந்து வருஷமாக அவன் ஊரெல்லாம் எழுதிய மொய் ஏறக்குறைய இருநூறு ரூபாய். கம்பெனியில் முந்நூறு. மகளுக்குக் காது குத்தி மொய் வாங்கினால் இரண்டும் திரும்பி வரும். அந்தப் பக்கத்தில் மொய் என்பது அன்பளிப்பு அல்ல. நீ என் வீட்டு விசேஷத்தில் ஐந்து ரூபாய் எழுதினால், உன் வீட்டு விசேஷத்தில் நான் ஐந்தும் அதற்கு மேல் ஏதாவதும் எழுதியாக வேண்டும். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, கோர்ட்டு கிடையாது. வாய்விட்டுக் கேட்பதும் கிடையாது. கேட்டால் கேட்டவனுக்குத்தான் மானக்கேடு. வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துவிட்டால் கேட்டது போலத்தான். வாங்கியவன் கொண்டுவந்து வைப்பான். வைக்காதவன் வீட்டில் மறுநாள் யாரும் நெருப்புக்கூட வாங்கமாட்டார்கள்.

இந்தக் கணக்கில் கம்பெனி எப்படி வந்து சேர்ந்தது என்பதுதான் கதை.

புதுக்கோட்டைக்கு ரயில் வந்த கொஞ்ச நாளில், ஸ்டேஷனுக்குப் போகும் சாலையில் லலித விலாஸ் ஓட்டல் திறந்தார்கள். முதலில் ஓலைக்கூரை. பிறகு திருமயத்தில் ஒன்று, காரைக்குடியில் ஒன்று, திருச்சியில் இரண்டு என்று பதினோரு ஓட்டல்கள் ஆயின. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே லிமிடெட் கம்பெனி. பங்குதாரர்களில் வக்கீல் உண்டு, லேவாதேவிக்காரர் உண்டு, மிராசுதார் உண்டு. சாப்பிடும்போது சாதிக்கொரு தட்டி கட்டிக்கொள்கிற இந்தப் பெரிய மனிதர்கள், கடன் வாங்கும்போது மட்டும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள்.

தலைமை ஓட்டலின் அடுப்புக்கு விறகு ராக்கன்தான். கோழி கூப்பிட வண்டி பூட்டினால் உச்சிப் பொழுதுக்குள் ஓட்டலின் பின்வாசல். வாரத்துக்கு இரண்டு வண்டி. வண்டிக்கு இரண்டரை ரூபாய் விலை. கையில் கிடைத்தது ஒண்ணேகால். மீதி ஒண்ணேகால் "கணக்கில்".

விறகுக் கொட்டகைக்குப் பக்கத்தில் அவன் குத்தவைத்து உட்கார்ந்திருப்பான். தானே கொண்டுபோன பித்தளை லோட்டாவில் சமையற்காரர் ஒரு முழம் உயரத்திலிருந்து காப்பி ஊற்றுவார். லோட்டாவின் விளிம்பு பட்டால் தீட்டாம். அவன் கை பட்ட விறகு அடுப்புக்குள் போகலாம். அந்த நெருப்பில் வெந்த சோற்றைச் சாம்பார் விட்டுப் பிசைந்து ஊரே தின்னலாம். நெருப்புக்கு இல்லாத தீட்டு லோட்டாவுக்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. ராக்கனும் அன்றைக்குக் கேட்கவில்லை.

இப்படி இருநூற்று நாற்பது வண்டி இறக்கினான். எல்லாம் எரிந்து சாம்பலாகி, சாம்பலும் பாத்திரம் துலக்கப் போயாயிற்று. கணக்கில் முந்நூறு ரூபாய் நின்றது.

1934 தை மாதம் முதல் தேதி, கூரையைப் பிரித்துவிட்டுக் கட்டிய மாடிக் கட்டடத்துக்குத் திறப்பு விழா. பால்காரன், இலைக்காரன், உப்புக்காரன், தயிர்க்காரி என்று பணம் நிலுவை உள்ள எல்லோரையும் மானேஜர் ஆவுடையப்பன் அழைத்திருந்தார். ஆலங்குடிப் பக்கத்துக்காரர், பேச்சில் தேன் வடியும்.

"ஏப்பா ராக்கா, முந்நூறை இப்ப வாங்கிட்டுப் போயி என்ன செய்யப்போறே? பானையில போட்டுவச்சா குட்டியா போடும்? கம்பெனியிலயே கெடக்கட்டும். ஏழு வருசம். பத்திரம் தாரோம்."

"நமக்கு எழுத்தும் தெரியாது, பத்திரமும் தெரியாதுங்களே."

"ஒனக்கு மொய் தெரியுமில்ல? அது மாதிரின்னு வச்சுக்கயேன்."

சந்தனம் கொடுத்தார்கள். வெற்றிலை பாக்கு கொடுத்தார்கள். குமாஸ்தா மரியசெல்வம் ஒரு பெரிய நோட்டைத் திறந்து, "நார்த்தாமலை ராக்கன், ரூபாய் முந்நூறு" என்று உரக்கச் சொல்லி எழுதினார். பிறகு கொல்லையில் இலை போட்டார்கள். பாயசம்கூட உண்டு. ஊரும் பேரும் தொகையும் நோட்டில் ஏறி, சந்தனம் பூசி, சாப்பாடும் போட்டால் அதற்குப் பெயர் மொய் அல்லாமல் வேறென்ன? ராக்கன் மனநிறைவோடு ஏப்பம் விட்டான். கையில் கொடுத்த பத்திரம் முழுவதும் இங்கிலீஷ். மடித்து ஓலைப்பெட்டியில் வைத்தான். அதற்குப் பிறகு இறக்கிய விறகுக்குக் காசு தாமதமாக, ஆனால் பாக்கியில்லாமல் வந்தது.

வட்டி ஆறு சதவீதம் என்றார்கள். வருஷத்துக்குப் பதினெட்டு ரூபாய். அதையும் பணமாகக் கொடுக்கவில்லை. தொண்ணூற்றாறு சாப்பாட்டுச் சீட்டாகக் கொடுத்தார்கள். சீட்டு செல்லுமிடம் முன்மண்டபம் மட்டும். முன்மண்டபத்தில் ராக்கன் உட்கார முடியாது. ஆகவே மூன்றணாச் சீட்டை இரண்டணாவுக்குக் கோர்ட்டுக் குமாஸ்தாக்களிடம் விற்றான். அவர்கள் அவனுடைய வட்டியைத் தின்றுவிட்டு, வெளியே வந்து அவனுடைய வண்டியைப் பார்த்து, "தள்ளிக் கட்டுடா மாட்டை" என்றார்கள்.

1940 ஆனி மாதமே ராக்கன் ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, இரண்டு வாழைப்பழம் வைத்துக்கொண்டு புதுக்கோட்டைக்குக் கிளம்பினான். இருளாயிக்குச் சிரிப்பு.

"தையில விசேசத்துக்கு ஆனியிலயா அழைப்பாங்க? கேக்குறவுக சிரிக்கமாட்டாக?"

"ஊர்க்காரனுக்கு மொத நாள் சொன்னாப் போதும் புள்ள. இது பெரிய எடம். முந்நூறு ரூபாய் பெரட்ட அவுகளுக்கும் நாள் வேணுமில்ல? நெருக்கடியில விடக்கூடாது."

கடன் கொடுத்தவன், வாங்கியவனுக்கு நெருக்கடி வரக்கூடாது என்று கவலைப்பட்டான். அவன் பிறந்த மண்ணின் ஒழுங்கு அது.

ஆவுடையப்பன் தாம்பாளத்தை இரண்டு கையாலும் வாங்கினார்.

"தை மாசம் ராசாத்திக்குக் காது குத்துறேங்க. மானேசர் ஐயா அவசியம் வரணும்."

"வராம இருப்பேனா? நீ நம்ம கம்பெனிக்கு வலது கை மாதிரி."

அப்போதே ஒரு வெற்றிலையை எடுத்துச் சுண்ணாம்பு தடவி மென்றார். ஆலங்குடிக்காரருக்கு அந்தத் தாம்பாளத்தின் பொருள் தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் மென்றார். மென்று, சன்னல் வழியாகத் துப்பினார்.

தை பிறந்தது. வீட்டு முன்னால் பந்தல் போட்டார்கள். தாய்மாமன் மடியில் உட்கார்ந்து ராசாத்தி வீறிட்டாள், ஆசாரி காதைக் குத்தினார், பெண்கள் குலவையிட்டார்கள். பந்தல் காலடியில் பித்தளைத் தட்டும் நோட்டும் வைத்து மொய் எழுதினார் ரெங்கசாமி, ராக்கனின் பங்காளி.

ஊர் சனம் ஒருவர் பாக்கியில்லாமல் வந்தது. குன்றுக்கடியில் கல்லுடைக்கும் விதவை ஒருத்தி, ஒரு காலத்தில் தன் மகனுக்கு ராக்கன் எழுதிய நாலணாவுக்காக முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே புதுக்கோட்டைச் சமஸ்தானத்துச் சில்லறையான அம்மன் காசு. இருபது காசு ஓரணா. ஒவ்வொன்றாக எண்பது எண்ணி வைத்தாள். அதற்கு மேல் ஐந்து காசு வைத்து, "கூடுதலா வைக்கத் தெம்பில்லண்ணே, குறையா நெனைக்காதே" என்றாள். எண்ணி முடித்தபோது தட்டில் இருநூற்றெட்டு ரூபாய்.

ராக்கனின் கண் வண்டிப்பாதையிலேயே இருந்தது. கடைசியில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு கம்பெனி மோட்டார் வந்து நின்றது. ஊரே எழுந்து நின்றது. ஆவுடையப்பன் ஒரு பெட்டி லட்டுடன் இறங்கினார். குழந்தையின் கன்னத்தைத் தட்டினார். இளநீர் குடித்தார். பிறகு மொய்த் தட்டுக்கு வந்தார்.

"எழுதிக்கய்யா. லலித விலாஸ் கம்பெனி. ஒண்ணேகால் ரூபாய்."

ரெங்கசாமி எழுதிவிட்டுப் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தார். மீதிக்காகக் காத்திருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

"மேக்கொண்டுங்க?"

"அம்புட்டுத்தான். வாரேன் ராக்கா, வேலை கெடக்கு."

ராக்கன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்பது வழக்கம். கும்பிட்டு மோட்டார்வரை போய் வழியனுப்பினான். பெரிய மனிதர்கள் இத்தனை பேர் நடுவில் அவ்வளவு பணத்தைக் கொண்டுவரமாட்டார்கள், ஆபீஸுக்கு வரச்சொல்லிக் கொடுப்பார்கள் என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டான்.

மூன்றாம் நாள் விறகை இறக்கிவிட்டு ஆபீஸ் வாசலில் போய் நின்றான். பத்திரத்தை நீட்டினான். ஆவுடையப்பன் அதை வாங்கவில்லை.

"நோட்டீஸ் குடுத்தியா?"

"என்னதுங்க?"

"மரியசெல்வம், பதினோராவது ஷரத்தை இவனுக்கு வாசிச்சுக் காட்டு."

மரியசெல்வம் தலையைத் தூக்காமல் தமிழில் சொன்னார். கெடு முடிவதற்கு ஆறு மாதத்துக்கு முன்பே, பத்திரக்காரர் பணம் வேண்டுமென்று எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அதே தொகை மேற்கொண்டு ஏழு வருஷத்துக்குக் கம்பெனியிலேயே நிற்கும்.

"ஆனியிலயே வெத்தலை பாக்கு வச்சேனுங்களே. ஆறு மாசத்துக்கு முன்னாடிதானுங்களே அது?"

உள்ளே இருந்த இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

"வெத்தலை பாக்கு நோட்டீஸ் ஆகாது ராக்கா. எழுத்துல இருக்கணும். புதுப் பத்திரம் ரெடி. நாப்பத்தெட்டு தையில வா."

"நான் கேக்காமயே எப்படிங்க புதுப்பிச்சீங்க?"

"நீ கேக்காததுனாலதான்."

ராக்கன் விறகுக் கொட்டகைக்கு வந்து மாட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரத்தில் மரியசெல்வம் பின்னாலேயே வந்தார். அடுப்புக்கு எவ்வளவு விறகு இருக்கிறது என்று பார்க்க வந்தவர் போல.

"ராக்கண்ணே, இந்தத் தையில கெடு முடிஞ்ச பத்திரம் நூத்திப் பதினாலு. நோட்டீஸ் குடுத்தவுக ஒம்பது பேரு. ஒம்பது பேரும் வக்கீலு, மிராசு, டாக்டரு. தேதி தவறாம அம்புட்டுப் பேருக்கும் குடுத்தாச்சு."

"அதுக்கு மட்டும் பணம் எங்கிட்டிருந்து வந்துச்சு?"

"அறந்தாங்கியில புதுக் கிளை தொறக்கிறோம்னு அங்க பத்திரம் வித்தோம். அந்தப் பணம்."

"அப்ப அறந்தாங்கிக்காரங்களுக்கு?"

"அவுகளுக்கு ஏழு வருசம் கழிச்சு இன்னொரு ஊரு."

ராக்கன் விரல்விட்டு எண்ணினான். நூற்றுப் பதினாலில் ஒன்பது போனால் நூற்றைந்து. பால்காரன், இலைக்காரன், உப்புக்காரன், தயிர்க்காரி, அவன்.

"இதை நான் சொன்னேன்னு சொல்லிறாதீங்க. எஞ் சம்பளத்துலயும் பிடிச்சு ஒரு பத்திரம் குடுத்திருக்காக. நோட்டீஸ் எழுதிக் கொண்டுபோனேன். 'குடு, கூடவே ராஜினாமாவையும் குடு'ன்னாரு. கிழிச்சுப் போட்டுட்டேன்."

பத்திரத்தை விற்க ராக்கன் அலைந்தான். முந்நூறு ரூபாய்ப் பத்திரத்துக்குத் தொண்ணூறு தருவதாக ஒரு வக்கீல் சொல்லியனுப்பினார். அதை வாங்கியிருந்தாலும் ஐந்நூறு எட்டாது. பழனிச்சாமி சித்திரைவரை பொறுத்தார். அவரும் அந்த வயலை நம்பி வேறிடத்தில் கடன் வாங்கியிருந்தார்.

"மாட்டையும் வண்டியையும் வித்துட்டா என்னங்க?" என்றாள் இருளாயி.

"மாட்டை வித்து வயலை மீட்டா, எதை வச்சு உழுறது? ஒன்னையும் என்னையும் ஏர்ல பூட்டவா?"

சித்திரை கடைசியில் நிலம் கிரயமாயிற்று. அந்த வருஷம் மழையும் பொய்த்தது. இருநூற்றெட்டு ரூபாய் கேப்பைக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் கரைந்தது. தன் கிணற்றிலிருந்து வேறொருவன் கமலை இறைப்பதைப் பார்த்துக்கொண்டே ராக்கன் வண்டி ஓட்டினான்.

"நம்ம தலையில அப்படி எழுதியிருக்கு" என்று இருளாயி நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"தலையில எழுதினதை எவன் பாத்தான்? பத்திரத்துல எழுதியிருக்கு புள்ள. மரியசெல்வம் வாசிச்சாரு, ரெண்டு காதாலயும் கேட்டேன்." அன்றுதான் அவன் முதல்முறையாகச் சாமியை விட்டுவிட்டு மனிதர்கள் மீது கோபப்பட்டான். தலையெழுத்தை யாரும் படித்ததில்லை; ஆகவே அதன்மேல் யாரும் வழக்குப் போட்டதுமில்லை. நாட்டில் நடக்கிற திருட்டில் பாதி அந்த எழுத்தின் பெயரில்தான் நடக்கிறது.

அவன் விறகு போடுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் கஞ்சி இல்லை. ஆனால் அந்த நாளுக்குப் பிறகு முழுப்பணம் எண்ணி வைத்தால்தான் வண்டியை அவிழ்த்தான். யுத்தத்தில் விறகு கிராக்கியாகிவிட்டதால் கம்பெனி கொடுத்தது.

1943 வைகாசியில் ஆவுடையப்பனின் மகளுக்குக் கல்யாணம், ஓட்டலின் முன்மண்டபத்திலேயே. அச்சடித்த பத்திரிகை விறகுக் கொட்டகைக்கும் வந்தது. சரக்குப் போடுகிறவர்கள் எல்லோரும் மொய் எழுத வேண்டும் என்பது அதில் அச்சடிக்காத வாசகம்.

ராக்கன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு முன்வாசலுக்குப் போனான். காவற்காரன் கையை நீட்டி மறித்தான்.

"அங்கிட்டுப் போ. பின்வாசல்."

"மொய் எழுதணும்ப்பா."

காவற்காரன் விலகினான். பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறையாக ராக்கன் முன்மண்டபத்துக்குள் கால் வைத்தான். பளிங்குத்தரை. இதில் எத்தனை கல் தன் விறகு என்று நினைத்துக்கொண்டே நடந்தான். மொய் எழுதுகிறவருக்குப் பக்கத்தில் ஆவுடையப்பனே பட்டு அங்கவஸ்திரத்தோடு நின்றிருந்தார்.

"எழுதிக்கங்க. நார்த்தாமலை ராக்கன். ஒண்ணரை ரூபாய்." அவன் குரலைக் குறைக்கவில்லை. "வாங்கினது ஒண்ணேகால். மேக்கொண்டு நாலணா. மானேசர் ஐயாவுக்கு நான் பட்ட கடன் தீந்துச்சு."

"நல்லதுப்பா, சாப்பிட்டுப் போ" என்றார் ஆவுடையப்பன் அவசரமாக.

"இருங்க. ஐயா என்கிட்ட பட்ட கடன் இருக்கில்ல?" மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து ரூபாயின் மேல் வைத்தான். "நாப்பத்தெட்டு தையில முந்நூறு ரூபாய் வேணும்னு நோட்டீசு. வெத்தலை பாக்கு ஆகாதுன்னீங்க. இது எழுத்துல இருக்கு. நாலரை வருசம் முன்னாடியே தாரேன், நெருக்கடி ஆகிறக்கூடாதுல்ல? மொய் எழுதுறவரே, இதையும் நோட்டுல ஏத்துங்க. நூறு பேரு பாத்துக்கிட்டிருக்காக."

எழுதுகிறவர் ஆவுடையப்பன் முகத்தைப் பார்த்தார். பிறகு, மொய்த் தட்டில் விழுந்ததை எழுதாமல் விடுகிற வழக்கம் இல்லாததால், எழுதினார். ராக்கன் சாப்பிடாமல் திரும்பினான். மொய் எழுதிவிட்டுக் கைநனைக்காமல் போவதைவிடப் பெரிய அவமானம் அந்த மண்ணில் கிடையாது. அதை ஆலங்குடிக்காரர் புரிந்துகொண்டிருப்பார்.

1948 தை வந்தது. ராக்கனுக்குத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு மரியசெல்வத்தின் வீட்டுக்குப் போனான். அவர் அப்போது வேலையில் இல்லை. கல்யாணத்தில் கொடுத்த நோட்டீஸ் யார் கையெழுத்து என்பதைக் கண்டுபிடிக்க மானேஜருக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை.

மரியசெல்வம் வாசித்தார். தங்கள் நோட்டீஸ் முறையாகவும் காலத்திலும் கிடைத்தது. ஆனால் பழைய கம்பெனி நாற்பத்தாறிலேயே கலைக்கப்பட்டுவிட்டது. இப்போது இருப்பது புது லலித விலாஸ் கம்பெனி. கட்டடமும் தட்டுமுட்டுச் சாமான்களும் மட்டுமே புதுக் கம்பெனியைச் சேர்ந்தவை. பழைய கடன்களுக்கு அது பொறுப்பாளி அல்ல.

ராக்கன் கடிதத்தைத் திருப்பி வாங்கி, எழுத்து தெரியாத கண்ணால் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கட்டடத்தை எடுத்துக்கிட்டாகளா?"

"எடுத்துக்கிட்டாக."

"அண்டா, குண்டா, பெஞ்சு?"

"எல்லாமும்தான்."

"அடுப்பு?"

"அடுப்பும்தாண்ணே."

"அப்ப அதுல எரிஞ்ச வெறகு மட்டும் யாரு கணக்குங்க?"